பீரங்கிப் பங்கு வாங்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். சம்பளம் 45,000. முன்பு ஓ.டி. (ஓவர்டைம்) சேர்த்து இன்னும் கொஞ்சம் வரும். அமெரிக்கா ஆர்டர் குறைந்ததிலிருந்து ஓ.டி. இல்லை. மூன்று வருஷமாக மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. கட்டுகிறேன். மகள் பிளஸ் டூ. வீட்டில் எந்நேரமும் டிவியில் போர்ச் செய்திதான். என் மச்சான் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார். "சண்டை வந்தா டிஃபென்ஸ் ஷேர்தான் ஏறும். நகையை பேங்க்ல வெச்சா 8 லட்சம் கிடைக்கும், ஆறு மாசத்துல டபுள்" என்கிறார். எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டு மனைவியின் நகையை வைத்து இதில் இறங்கலாமா? இன்னொன்று, இதை உங்களிடம் கேட்கலாமா தெரியவில்லை. அப்பா ரிட்டயர்டு ஹவில்தார், கம்மவான்பேட்டைக்காரர், 71 சண்டையில் இருந்தவர். நாங்கள் போர்ச் செய்தி பார்த்தால் எழுந்து வந்து டிவியை அணைத்துவிட்டுப் போகிறார். ராணுவத்தில் இருந்தவருக்கு ஏன் இத்தனை எரிச்சல்?
வாசகர், ஆம்பூர்

பதில்: எந்தச் சண்டை என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது டிவியில் வேறு சண்டை ஓடிக்கொண்டிருக்கலாம். கணக்கு ஒன்றும் மாறாது.

கணக்கை முதலில் போட்டுவிடுவோம், சின்னக் கணக்குதான். நகையை வைத்து 8 லட்சம். பேங்க் என்பதால் வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேட்டுக் கடை என்றால் இந்த வட்டியைச் சொன்னதற்கே சிரிப்பார்கள். ஆக, வருஷ வட்டி 80,000. மச்சான் சொன்ன பங்கு நன்றாகவே ஏறுகிறது, வருஷம் முடிவதற்குள் விற்று 1 லட்சம் லாபம் பார்க்கிறீர்கள். மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் அளவுக்கு நல்ல லாபம்தான். அந்த லாபத்துக்கு வரி 20 சதவீதம், அந்த வரியின் மேல் செஸ் 4 சதவீதம். மொத்தம் 20,800. கையில் நிற்பது 79,200. கட்ட வேண்டிய வட்டி 80,000. எல்லாம் நல்லபடியாக நடந்த வருஷத்திலேயே 800 ரூபாய் துண்டு விழுகிறது. புரோக்கர் கமிஷனை நான் சேர்க்கவே இல்லை.

"12 லட்சம் வரைக்கும் வரி இல்லை என்று பட்ஜெட்டில் சொன்னார்களே" என்பீர்கள். சொன்னார்கள். அந்தத் தள்ளுபடி சம்பளத்துக்குச் செல்லும், பங்கை ஒரு வருஷத்துக்குள் விற்ற லாபத்துக்குச் செல்லாது. உங்கள் சம்பளம் மட்டுமே, கழிவெல்லாம் போக, 4 லட்சம் என்ற அடிப்படை வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதனால் அந்தப் பக்கமும் ஒளிய இடமில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எதிர் நாற்காலியில் இருப்பவர்கள் சட்டத்தை நானே எழுதியது போல என்னை முறைக்கிறார்கள்.

"ஆறு மாசத்துல டபுள்" பற்றி நான் தனியாக எழுத வேண்டுமா? மூன்று நான்கு வருஷம் முன்னால்தான் நம் பக்கத்தில் வீடு வீடாக நிதி நிறுவனங்களில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு பாண்டு பத்திரத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போலீஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். அதில் என் கிளையண்டுகளும் உண்டு. அந்தக் கவர்கள் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன.

மச்சான் யோசிக்காத விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. சண்டை என்றால் தங்கமும் ஏறும். ஏறிய தங்கத்தை அடகு வைத்து, ஏறிய பங்கை வாங்கச் சொல்கிறார். ஒரே மாட்டை இரண்டு வண்டிக்கும் பூட்டுகிற வேலை இது. நாளைக்கே இரண்டு தலைவர்கள் கைகுலுக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். பங்கு இறங்கும், தங்கமும் இறங்கலாம். நகை மதிப்பு போதவில்லை, வித்தியாசத்தைக் கட்டுங்கள் என்று பேங்கிலிருந்து போன் வரும். காலையில் பேப்பரைப் பிரித்துச் சமாதானம் என்று தலைப்பைப் பார்த்தால் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். சண்டை இன்னும் இரண்டு மாதம் நீடிக்கட்டும் என்று மனசு உள்ளுக்குள் வேண்டிக்கொள்ளும். ஹவில்தார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு வேண்டுதலா?

இதற்கு மேலும் நீங்கள் போரில் பணம் போட வேண்டியதில்லை, ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தைத்தான் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நமக்கு அதிகமாக சூரியகாந்தி எண்ணெய் விற்றுக்கொண்டிருந்த நாடு உக்ரைன் என்பது, லிட்டர் 200 ரூபாய் பக்கம் போனபோதுதான் நம் சமையலறைகளுக்குத் தெரிந்தது. 2023 நவம்பரிலிருந்து, காசா சண்டையைச் சொல்லி, ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற பெட்டிகள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் தாமதமாகப் போயின. கப்பல் வாடகை ஏறியதை உங்கள் கம்பெனி டிஸ்பாட்ச் செக்‌ஷனில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பிறகு 2025 ஆகஸ்ட் 27. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக அமெரிக்கா நம் சரக்கின் மேல் இன்னொரு 25 சதவீதம் போட்டு மொத்தம் 50 ஆக்கியது. ஆம்பூர் லைனில் அப்பர் தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் மாஸ்கோ எண்ணெய்க்கும் என்ன உறவு? அந்த வரி பிறகு எப்படி ஏறி இறங்கியிருந்தாலும், உங்கள் ஓ.டி. போனது போனதுதான். சம்பளமே போரில் சிக்கியிருக்கும்போது சேமிப்பையும் நகையையும் அதே பக்கம் தள்ளக் கூடாது. மச்சானுக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

டிவிக்கு வருகிறேன். 2025 மே மாதம் 7ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை பாகிஸ்தானோடு நடந்த சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லையில் நிஜமாகவே குண்டு விழுந்த அந்த நான்கு நாளில், ஸ்டூடியோக்களிலும் சைரன் ஊதினார்கள். செய்திக்கு நடுவில் சைரன் சத்தம் போடாதீர்கள், நிஜ சைரன் அடிக்கும்போது ஜனங்கள் அசையாமல் இருந்துவிடுவார்கள் என்று அரசாங்கமே சானல்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. தர்மசாலாவில் ஐ.பி.எல். மேட்ச் பாதியில் நின்று, மறுநாள் போட்டிகளையே ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். என் பேரனைப் பொறுத்தவரை போரின் மொத்தச் செலவும் அதுதான். புகை அடங்குவதற்குள் மும்பையில் 'ஆபரேஷன் சிந்தூர்' என்ற அந்த ராணுவ நடவடிக்கையின் பெயரைப் படத் தலைப்பாகப் பதிவு செய்ய வரிசை கட்டினார்கள். டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பங்கள் போயின. ஊர் திட்டியதும் அதில் ஒரு பெரிய கம்பெனி வாபஸ் வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் இன்னும் கதை எழுதிக்கொண்டிருக்கலாம். நானும் ராணுவப் படம் பார்ப்பவன்தான், கிளைமாக்ஸில் கண்ணைத் துடைத்துக்கொள்பவன்தான். ஆனால் எந்தப் படத்திலும் பில் வருகிற காட்சி இல்லை. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஒரு கிளார்க் வவுச்சரைப் புரட்டி "இந்த ஷெல் என்ன விலைக்கு வாங்கினது?" என்று கேட்பது போல ஒரு சீன் வைத்தால் நான் விசில் அடிப்பேன். தியேட்டரில் நான் ஒருவன்தான் இருப்பேன், அது வேறு விஷயம்.

அந்த வாரம் என் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன். 9ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருக்கும். காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மாடி ஏறி வந்தார். வேலூர் வெயிலில் மே மாதம் மாடி ஏறுவது என்பதே ஒரு படையெடுப்பு. ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் பாதி குடித்த மோர் பாக்கெட். மியூச்சுவல் ஃபண்டு மொத்தத்தையும் விற்க வேண்டும், இப்போதே. ஏன் சார் என்றேன். "இன்னா இப்டி கேக்கறீங்க? கராச்சி துறைமுகமே போச்சாம், ராத்திரி பூரா காட்டினான்" என்றார். கராச்சியே போனால் நம் பங்கு ஏறத்தானே வேண்டும் என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். சென்செக்ஸ் அன்றைக்கு 880 புள்ளி இறங்கியது. அவர் விற்றார். சனிக்கிழமை மாலை சண்டை நிறுத்தம். திங்கட்கிழமை ஒரே நாளில் 2,975 புள்ளி ஏறியது. கராச்சி துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. வாத்தியாரின் யூனிட்டுகள்தான் போய்விட்டன. அவர் இப்போதும் வருகிறார், கணக்குத் தாக்கல் செய்ய. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

அரசாங்கம் செய்கிற செலவைத் தலைக்கு வகுத்துப் பார்த்தால் எவ்வளவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தேன். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. குழந்தை குட்டி எல்லாரையும் சேர்த்து வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 13 ரூபாய் போல வருகிறது. புதிய பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. உங்கள் வீட்டில் ஐந்து பேர், ஐந்து டீ. அதில் சுமார் 1.60 லட்சம் கோடி பென்ஷனுக்கே போகிறது, அதாவது உங்கள் அப்பா மாதிரி மனிதர்களின் பேங்க் கணக்குக்கு. உங்கள் வீட்டு டீயில் ஒன்று உங்கள் வீட்டுக்கே திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குக் காவல் வேண்டும். நாம்தான் அந்த பில்லைக் கட்டுகிறோம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

போர்ச் செலவைப் பற்றி வட ஆற்காட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்க டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்று ஒரு பழைய வாசல் நிற்கிறது, மக்கன் பேடா வாங்கப் போகும்போது எட்டிப் பாருங்கள். 1751-ல் அந்தக் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் முற்றுகையில் மாட்டிக்கொண்டு ஐம்பது நாள் தாக்குப்பிடித்தான். அரிசி குறைந்தபோது நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணியைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, பங்கு பிரித்த விதத்தை நம்பலாம். அந்தச் சண்டைகளில் கம்பெனியோடு சேர்ந்து ஜெயித்தவர் நவாப் முகமது அலி. வாலாஜாபேட்டை அவர் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர்தான்.

ஜெயித்தவருக்கு பில் வந்தது. கம்பெனிப் படை போட்ட சண்டைகளின் செலவு அவர் தலையில் விழுந்தது. கட்டப் பணமில்லை, கடன் வாங்கினார். யாரிடம்? மதராஸில் கம்பெனியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அதே அதிகாரிகளிடம். அவர்கள் சொந்தப் பணம், அவர்கள் சொன்ன வட்டி. ஈடாக, சீமை சீமையாக வரி வசூலை எழுதிக் கொடுத்தார். அதை உழுது கட்டியவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். விவகாரம் முற்றி, 1785-ல் லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நீண்ட பேச்சுப் பேசினார். 1801-ல் கர்நாடகச் சீமையே கம்பெனி கைக்குப் போய்விட்டது. படையும் அவர்கள் ஆள், கடன் கொடுத்ததும் அவர்கள் ஆள், கடைசியில் சொத்தும் அவர்களுக்கு. அந்த பேலன்ஸ் ஷீட்டில் சம்பாதித்தவர்கள் கடன் கொடுத்தவர்கள் மட்டுமே. கடன் வாங்கி உள்ளே போனவர் பெயரில் ஒரு ஊர்தான் மிச்சம். உங்கள் மச்சான் உங்களை நவாப் வரிசையில் போய் நிற்கச் சொல்கிறார்.

சரி, என்ன செய்யலாம்? நகை வீட்டில் இருக்கட்டும், அல்லது லாக்கரில். அது உங்கள் மனைவியின் நகை என்பதையும் கேள்வியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா என்று எழுதவில்லை. 1962-ல் சீனச் சண்டையின்போது என் பாட்டி பாதுகாப்பு நிதிக்கு ஒரு ஜோடி வளையல் கழற்றிக் கொடுத்தாள். அடுத்த ஜனவரியில் 14 காரட்டுக்கு மேல் நகையே செய்யக் கூடாது என்று சட்டம் வந்து, எங்கள் தெருப் பத்தர் தராசை மூட்டை கட்டினார். பாட்டி அதற்கு வருத்தப்பட்டாளே தவிர, வளையலுக்கு வருத்தப்பட்டதில்லை. கொடுத்தது கொடுத்ததுதான் என்பாள்.

எஸ்.ஐ.பி.யைப் போர்ச் செய்திக்காக நிறுத்தாதீர்கள். ஓ.டி. போனதால் கை கடிக்கிறது என்றால் அது வேறு காரணம், நியாயமான காரணம். 5,000-ஐ 2,000 ஆக்குங்கள், அல்லது இரண்டு மூன்று மாதம் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பெரும்பாலான ஃபண்டுகளில் அதற்கு வழி உண்டு. மிச்சமாகிற பணத்தை பேங்க் ஆர்.டி.யில் போட்டு, ஆறு மாதக் குடும்பச் செலவு சேர்கிறவரை அதைத் தொடாதீர்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் வரப்போகிறது. உங்களுக்கு இப்போது தேவை ஏவுகணைப் பங்கு இல்லை, இந்த ஆறு மாதப் பணம்தான்.

மச்சானோடு மனஸ்தாபம் வேண்டாம் என்று நினைத்தால், போனால் போகட்டும் என்று 10,000 ரூபாய் போடுங்கள். குடும்பத்தோடு மாலில் நாலு படம் பார்த்த கணக்கு. அதற்கும் முன்னால், அந்த குரூப்பை நடத்துகிறவரின் செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு எண்ணைக் கேளுங்கள். பங்கு ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச். என்றும், முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்றும் அது ஆரம்பிக்கும். செபி இணையதளத்தில் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டதுமே உங்களை குரூப்பிலிருந்து நீக்கிவிட்டால் செலவில்லாமல் பதில் கிடைத்தது. எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல எனக்கும் அந்தப் பதிவு இல்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

அப்பா விஷயம். 71-ல் நான் பள்ளிக்கூடப் பையன், ஸ்டாம்பு சேர்க்கிற பைத்தியம். அந்த நவம்பரிலிருந்து தபாலில் 5 காசுக்கு ஒரு ஸ்டாம்பு கூடுதலாக ஒட்டச் சொன்னார்கள், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்காக. அவசரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பையே எடுத்து அதன் மேல் 'அகதிகள் நிவாரணம்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தார்கள். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், அவர்கள் மேல் கறுப்பு எழுத்து. எங்கள் வீட்டுக்கு 71 சண்டை அந்த 5 காசாகத்தான் வந்தது. உங்கள் அப்பாவுக்கு எப்படி வந்தது என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

என் ஆபீஸ் லாங் பஜார் பக்கம். கீழே இறங்கினால் மணிக்கூண்டு. அதில் ஒரு கல் பதித்திருக்கிறது, தள்ளுவண்டிகளுக்கு நடுவில் யாரும் படிப்பதில்லை. முதல் உலகப் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. வேலூரைக் கிராமம் என்று போட்டிருப்பதைப் படித்துப் பல வருஷம் சிரித்திருக்கிறேன். கழித்துப் பார்த்தது ரொம்ப நாள் கழித்துத்தான். மிச்சம் 263. அவர்களைப் பற்றிக் கல்லில் ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வந்து பஜாரில் மூட்டை தூக்கினார்களோ, மாடு மேய்த்தார்களோ, ராத்திரியில் தூங்கினார்களோ. உங்கள் அப்பா அந்த மிச்சக் கணக்கில் வருகிறவர். அவர் ரிமோட்டைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவரே சொல்வார்.

அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. ராணுவ பென்ஷனெல்லாம் இப்போது ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் ஏற்பாட்டில் போகிறது. அதில் உங்கள் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கின்றனவா பாருங்கள். பழைய பி.பி.ஓ.வில் (பென்ஷன் ஆணை) அம்மா பெயரை அந்தக் காலத்து கிளார்க் இங்கிலீஷில் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். ஒரு எழுத்து மாறியிருந்தால், நாளைக்குக் குடும்ப பென்ஷன் வரும்போது அந்த அம்மாதான் அலைய வேண்டியிருக்கும். அப்பா இருக்கும்போது திருத்துவது சுலபம். வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றையும் விட்டுவிடாதீர்கள். பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக், இரண்டு பேர் ஆதார், எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தால் நானே பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் வாருங்கள், கூட்டம் இருக்காது. அப்பாவையும் கூட்டி வந்தால் படி ஏற வேண்டாம், கீழே டீக்கடையில் உட்கார வையுங்கள், நான் இறங்கி வருகிறேன்.